அறுபது நாள் ஓடிய புலி மெஷின்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இந்த டைரி ஜனவரியில் பெயிண்டுக் கடையில் கொடுத்தது. ஏழரை மாதம் பீரோ மேல் கிடந்தது. ஒரே ஒரு பக்கத்தில் என் வீட்டுக்காரி கோமதி சாம்பார்பொடிக்கு அளவு எழுதி வைத்திருந்தாள். அதைக் கிழிக்கக் கூடாது என்று கட்டளை. ஆகவே இது என் டைரியும் சாம்பார்பொடியின் டைரியும்.

எழுதச் சொன்னது மாப்பிள்ளை நயினார். என் ஒரே மகள் சங்கரியைக் கட்டியவர். சித்திரையில் கோவில்பட்டி மெயின் ரோட்டை ஒட்டிய சந்தில் மெஷின் கடை திறந்தார். 'சங்கரி டூல்ஸ்' என்று பெயர். என் மகள் பெயரை நான் ரேஷன் கார்டில் மட்டும்தான் எழுதினேன். அவர் விளக்குப் போட்டு எழுதியிருக்கிறார்.

கடையில் இருப்பதெல்லாம் விலை குறைந்த மெஷின்கள். சுவரில் ஒயர் பதிக்கக் காடி வெட்டுகிற நாலு இஞ்ச் கட்டிங் மெஷின்தான் முக்கியம். பெட்டியில் ஒரு புலி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நான் வைத்திருக்கும் ஜப்பான்காரன் மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான்.

"மாமா, ஊர்ல பாதி வயரிங்காரங்க உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் மெஷின் வாங்குதாங்க. நல்ல மெஷின்னு நான் சொன்னா யாவாரி அப்படித்தான் சொல்லுவான்னு போயிருவாங்க. நீங்க அறுபது நாள் ஓட்டிப் பாருங்க. தினமும் ரெண்டு வரி எழுதுங்க. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு எழுதுங்க, இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க" என்றார்.

நேர்மையான பேச்சு. எனக்குப் பிடித்துவிட்டது. பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் அறுபத்தெட்டு மார்க் எடுத்தவன் நான். அதற்குப் பிறகு என்னை யாரும் எழுதச் சொன்னதில்லை.

மூன்று நிபந்தனை. ஒன்று, என் பழைய ஜப்பான்காரனைக் கடையில் கொடுத்துவிட வேண்டும். கையில் இருந்தால் கை அதற்குத்தான் போகுமாம். இரண்டு, புலியைத் திறக்கக் கூடாது, ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போய்விடும். மூன்று, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

சரி என்றேன். எனக்கென்று இந்த ஊரில் இருக்கிற சொத்து என் வாய்ச்சொல் ஒன்றுதான். இருபத்தெட்டு வருஷமாக நல்ல ஒயரை நல்லது என்றும் மட்டமான சுவிட்சை மட்டம் என்றும் சொல்லிச் சேர்த்தது. மாப்பிள்ளை ஆனாலும் மெஷின் மோசம் என்றால் மோசம் என்றுதான் எழுதுவேன். கோமதியிடம் இதை உரக்கச் சொன்னேன். "எழுதுங்க, எழுதுங்க. மொதல்ல பேனா இருக்கான்னு பாருங்க" என்றாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இலுப்பையூரணியில் வாத்தியார் வீட்டு வேலை. முதல் நாள். புலி நன்றாக வெட்டியது. எடை குறைவு, கை வலிக்கவில்லை. ஒயர் மட்டும் குட்டை. பிளக் பக்கம் ஒட்டிக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அம்மா முந்தானையைப் பிடித்த பிள்ளை மாதிரி.

ஆகஸ்ட் 22, வியாழன்

நன்று. மேலே எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டியதில் பிடிக்க முடியாத சூடு. ஈரத்துணி சுற்றிப் பிடித்தேன். கருகல் வாசனை வந்தது. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கியிருக்கலாம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வெங்காயம் இல்லை.

பின்பக்கம் நீலமாகத் தீப்பொறி பறந்தது. அதைவிட மோசம், சுவிட்சை விட்ட பிறகும் மெஷின் நிற்கவில்லை. நான் விட்டுவிட்டேன், அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். ஒயர் குட்டையாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "டைரில எழுதிட்டீங்களா மாமா?" என்றார்.

இல்லை, சாயங்காலம்தான் எழுதுவேன் என்றேன்.

"எழுதாதீங்க. ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க, பாத்துக்கலாம். நூறு மெஷின்ல நாலஞ்சு இப்படி வரத்தான் செய்யும். அதை வெச்சு எல்லாத்தையும் சொல்லிரக் கூடாதுல்லா."

அதுவும் நியாயம்தான். ஆனாலும் எழுதிவிட்டேன். மேலே இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

மெஷினைக் கடையில் கொடுத்துவிட்டு மாடியில் மகள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சங்கரி காப்பி கொடுத்தாள், முறுக்குக் கொடுத்தாள், டிவியைப் போட்டுவிட்டாள். உட்காரவில்லை. "கீழ அவருக்கு ஒரு கை வேணுமாம்ப்பா" என்று இறங்கிப் போனாள். வழக்கமாக நான் போனால் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் புகார் சொல்லுவாள். மூன்று மணி நேரம் நான் ஒரு சமையல் நிகழ்ச்சி பார்த்தேன். காளான் வறுவல் இப்போது எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை வியர்த்துப்போய் மேலே வந்தார். "கார்பன் சரியா உக்காரல மாமா. சுவிட்சும் லூசு. சரி பண்ணியாச்சு" என்றார். புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

செப்டம்பர் 2, திங்கள்

அதிசயம். புலி மறுபிறவி எடுத்திருக்கிறது. நாள் முழுக்க ஓட்டினேன், சூடே இல்லை. சுவிட்சை விட்டால் உடனே நிற்கிறது. எடை மட்டும் கொஞ்சம் கூடின மாதிரி இருக்கிறது, என் கைக்கு வயசாகிறது போல. சத்தம்கூட மாறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் ரொம்ப நாள் பழகின ஆள் பேசுகிற மாதிரி ஒரு சத்தம்.

மாப்பிள்ளை கை ராசியான கை. கோமதியிடம் சொன்னேன். "மெஷினைப் பத்தி இவ்வளவு குழைஞ்சு பேசுதீய. கல்யாணமாகி இத்தனை வருசத்துல என்னைப் பத்தி யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கீயளா?" என்றாள். அடுத்த டைரியில் எழுதுகிறேன் என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில்தான் நாங்கள் எல்லோரும் கூடுவது. வயரிங், பிளம்பிங், டைல்ஸ், எல்லா வேலைக்காரர்களும் ஏழு மணிக்கு அங்கே நிற்பார்கள். இன்று என் கையில் புலியைப் பார்த்ததும் பேச்சு அதைப் பற்றித்தான்.

ஜெபமணி வாங்கிப் பார்த்தான். என்னோடு ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. ஊரில் எல்லோரும் என்னை ஆவுடையப்பன் அண்ணாச்சி என்கிறபோது, "வே" போட்டுப் பேச உரிமை உள்ள ஒரே ஆள்.

"என்ன வே, புலியப் பிடிச்சிட்டுத் திரியுத? கடிக்காதா?"

"பசுமாடு வே. மூணு வாரமா ஓட்டுதேன்."

"இந்த வெலைக்கு இது ஓடுமா? உண்மையச் சொல்லு. மருமகன் கடைன்னு சொல்லாத."

"ஜப்பான்காரனுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல. கண்ணக் கட்டிட்டுக் கொடுத்தா எது எதுன்னு சொல்ல மாட்டேன்."

சொல்லும்போது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அந்த நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது என்று எழுதி வைக்கிறேன். வயரிங் வேலை செய்யும் செண்பகராஜ் அங்கேயே மாப்பிள்ளை கடை எங்கே என்று வழி கேட்டான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டாவது தடவை கடைக்குக் கொண்டுபோனேன். மாப்பிள்ளை திறக்கவே இல்லை. துணியால் துடைத்து, "சூப்பரா இருக்கு மாமா" என்று கொடுத்துவிட்டார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள், எல்லோரும் என் முகம் தெரிந்தவர்கள்.

என் ஜப்பான்காரனை ஒருமுறை பார்க்கலாமே என்று கேட்டேன். சும்மாதான், பதினோரு வருஷம் கூட இருந்தவன். கயத்தாறுக்காரர் ஒருவர் வாங்கிப் போய்விட்டாராம். சங்கரி கல்லாவில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நல்ல கையில் போயிருந்தால் சரி.

செப்டம்பர் 20, வெள்ளி

கடை வாசலில் பிளெக்ஸ் போர்டு. புலிக்கு ஒரு பக்கம் நான். 'இருபத்தெட்டு ஆண்டு அனுபவம் சொல்கிறது' என்று எழுதியிருக்கிறது. என் வாயும் புலியின் வாயும் ஒரே அளவுக்குத் திறந்திருக்கிறது. கோமதி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டுல எதுக்கு வாரண்டி?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 26, வியாழன்

எட்டயபுரம் ரோட்டில் ஒரு கட்டிடத்தில் செண்பகராஜைப் பார்த்தேன். உளியும் சுத்தியலும் வைத்துக் காடி கொத்திக்கொண்டிருந்தான். வேர்த்து ஊற்றுகிறது.

"புலி எங்க தம்பி?"

"மச்சான் கேட்டான் அண்ணாச்சி, கொடுத்திருக்கேன்."

"எப்படி ஓடுது?"

"உங்களுக்கு எப்படி ஓடுது?"

"அருமையா ஓடுது."

"அப்ப நல்ல மெஷின்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மறுபடி கொத்த ஆரம்பித்தான். என்ன பதில் இது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீடு வந்ததும் மறந்துவிட்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

ஜெபமணிக்குக் கையில் வெட்டு. மாப்பிள்ளை கடையில் அவன் வாங்கிய புலிதான்.

அக்டோபர் 4, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இடது கை முழுக்கக் கட்டு. ஆள்காட்டி விரல் நரம்பு அறுந்து தைத்திருக்கிறார்கள். மடக்க வருமா என்பது கட்டுப் பிரித்தால்தான் தெரியுமாம். ஒயர் உரிக்கிறவனுக்கு அந்த விரல் இல்லாமல் என்ன இருக்கிறது?

நான் ஆரஞ்சுப் பழப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவனே பேசினான்.

"சுவிட்ச விட்டுட்டுக் கீழ வெச்சேன் வே. நின்னுருச்சுன்னு நெனச்சேன். அது நிக்கல. துள்ளி வந்துட்டு."

"முன்னாடி இப்படி ஆகியிருக்கா?"

"ரெண்டு தடவ. பொகையும் வந்துச்சு."

"ஏன் வே எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்ல? உனக்கு அருமையா ஓடுது. அப்ப நான் பிடிக்கிற பிடிதான சரியில்ல? இத்தனை வருசம் வேலை பாத்துட்டு, ஒரு மெஷின் பிடிக்கத் தெரியலன்னு டீக்கடையில வந்து சொல்லச் சொல்லுதியா?"

அவன் மனைவி, "இவுகளுக்கு நிதானம் கொறைஞ்சு போச்சுண்ணே" என்றாள். ஜெபமணி தலையை ஆட்டினான். அதை ஒத்துக்கொண்டே தலையாட்டினான்.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "ஐயய்யோ, வயசாயிட்டுல்லா மாமா அவருக்கு" என்றார். ஜெபமணிக்கும் எனக்கும் ஒரே வயசு.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுதபூஜை. ஒவ்வொரு வருஷமும் முந்தின நாள் எல்லா மெஷினையும் கழற்றித் தூசி ஊதி, துடைத்து, கிரீஸ் வைத்துத்தான் சாமி முன்னால் வைப்பேன். அழுக்கோடு வைப்பதில்லை. புலியில் ஸ்டிக்கர் இருக்கிறது. வாரண்டி கொடுத்தவன் சரஸ்வதியைவிடப் பெரியவனா என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன்.

தூசி அவ்வளவாக இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை நன்றாக நடந்தது. பொரி மொறுமொறுப்பாக இருந்தது. கட்டிங் பிளேயர், டெஸ்டர், ஏணி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். புலியை மட்டும் வைக்கவில்லை. கோமதி ஏன் என்று கேட்டாள். ரிப்பேர் என்றேன்.

பொய் எழுத இந்த டைரியை ஆரம்பிக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

புலியின் கூட்டுக்குள்ளே இருப்பது என் ஜப்பான்காரன். ஆர்மேச்சர், காயில், கார்பன், சுவிட்ச், எல்லாம். இந்த மலிவு மெஷின்காரர்கள் பெரிய கம்பெனி அச்சை அப்படியே பார்த்து வார்ப்பதால் அதன் உள்பாகம் இதற்கும் பொருந்தும். அது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். என் மெஷின்தான் என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், நாலு வருஷத்துக்கு முன் சுவிட்ச் ஒயர் அறுந்தபோது வீட்டு வயரிங்கில் மிஞ்சிய சிவப்பு ஒயர்த் துண்டை நான்தான் போட்டேன். இழுத்தால் கழலாமல் இருக்க ஒரு முடிச்சுப் போடுவேன், இரட்டைச் சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு இழுக்கிற முடிச்சு. நானாகப் பழகியது. வேறு எவனும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை.

அந்த முடிச்சு அப்படியே இருக்கிறது.

ஆக, ஒரு மாதத்துக்கு மேலாக நான் ஊரெல்லாம் புகழ்ந்தது என் பழைய மெஷினை. கண்ணைக் கட்டினால் வித்தியாசம் தெரியாது என்று சொன்னேனே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். கண்ணைக் கட்டித்தான் இருந்தது.

சிரித்துப் பார்த்தேன். வரவில்லை.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. கடைக்குப் போனேன். மஞ்சப்பையிலிருந்து மெஷினை எடுத்து, மூடியைக் கழற்றி, கண்ணாடி மேஜை மேல் வைத்தேன். மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்திப் பேசி எனக்குப் பழக்கமும் இல்லை, அந்த முறையும் இல்லை. மகளைக் கொடுத்த இடம்.

அவர் பார்த்தார். முதலில் சொன்னது இதுதான்.

"ஸ்டிக்கரக் கிழிச்சிட்டீங்களே மாமா."

நான் சிவப்பு ஒயரை விரலால் தொட்டுக் காட்டினேன். அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. உட்கார்ந்தார், எழுந்தார்.

"மாமா, நான் ஏமாத்தணும்னு செய்யல. உங்களுக்கு வந்தது மோசமான பீஸ். வேற பீஸ் மாத்திக் கொடுத்திருக்கலாம், அதுவும் அப்படி ஆயிட்டா? நீங்க எழுதிருவீங்க. நீங்க எழுதினா கடைய மூட வேண்டியதுதான். நகையெல்லாம் வெச்சுப் போட்ட கடை."

"ஜெபமணி விரலு?"

"அது... எல்லா மெஷினும் அப்படி இல்ல மாமா. வீட்டுல எப்பவாவது ஒரு ஓட்டை போடுதவன், ஒரு பலகை அறுக்கிறவன், அவனுக்கெல்லாம் இது வருசக்கணக்கா ஓடும்."

"அவங்களுக்கா வித்தீங்க? டீக்கடையில நிக்கிற என் ஆளுகளுக்கு வித்தீங்க மாப்பிள்ளே."

"தீபாவளி மட்டும் பொறுங்க மாமா. இருக்கிற சரக்கு போயிரட்டும். அப்புறம் நல்ல கம்பெனிக்கு மாறிருதேன்" என்றார்.

சங்கரி படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கேட்காமலே திரும்பியிருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"உனக்குத் தெரியுமா சங்கரி?"

"நான்தான்ப்பா செல்போன் லைட்டப் பிடிச்சேன்."

ஒன்பது வயதில் அவளுக்கு நான் அந்த முடிச்சைப் போடச் சொல்லிக்கொடுத்தேன். ஷூ லேசுக்குக்கூட அதைத்தான் போடுவாள்.

"அப்ப எம் முடிச்சப் பாத்திருப்பியே."

"பாத்தேன். அவரு அவுத்துட்டு வேற ஒயர் போடணும்னாரு. நான்தான் வேண்டாம், இருக்கட்டும்னேன்."

"ஏன்?"

"தெரியலப்பா" என்றாள். அழுதாள். நான் மெஷினை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஜப்பான்காரனின் கூடு எங்கே என்று கேட்டேன், பழைய இரும்புக்குப் போட்டாச்சாம்.

ஏன் அவிழ்க்க விடவில்லை என்று பஸ்ஸில் யோசித்தேன். அவிழ்க்கச் சோம்பலாக இருந்திருக்கும்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஜெபமணி வீட்டுக்குப் போய் முதலில் அவனிடம் சொன்னேன். மாப்பிள்ளையைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது என்று கோமதி காலையிலிருந்து பேசவில்லை. "நம்ம பிள்ள வயித்துல மண்ணப் போடப் போறீயளா?" என்று ஒரு தடவை மட்டும் கேட்டாள். பிறகு அவளே சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

சொல்லி முடித்ததும் ஜெபமணி என்னை அடிப்பான், குறைந்தபட்சம் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்ப எம் பிடியில தப்பில்லையா வே?"

"இல்ல."

"நெசமாவா?"

"நெசமா."

உள்ளே திரும்பி, "ஏட்டி, கேட்டியா? எங்கையில தப்பில்லையாம்" என்று சத்தமாகச் சொன்னான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்ப்பதற்கு அவன் என்னை அடித்திருக்கலாம்.

அக்டோபர் 14, திங்கள்

ஏழு மணிக்கு டீக்கடை பெஞ்சில் பேப்பரை விரித்து மெஷினைக் கழற்றி வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை பெயரையும் சொன்னேன். மகள் பெயரைச் சொல்லவில்லை. அது போர்டிலேயே இருக்கிறது.

செண்பகராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"எனக்கு ரெண்டாம் வாரமே பொகைஞ்சிட்டு அண்ணாச்சி. மச்சானுக்கெல்லாம் கொடுக்கல. பரண்ல கெடக்கு. உங்களுக்கு ஓடுதேன்னு வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பிறகு இன்னொருவன் சொன்னான், எனக்கும். இன்னொருவன், எனக்கும். ஒவ்வொருவனும் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து ஒளித்து வைத்திருக்கிறான். இத்தனை கெட்டுப்போன மெஷினும் ஒரே ஊரில் சத்தமில்லாமல் கிடந்தது என் ஒரு மெஷின் நன்றாக ஓடியதால்தான்.

"கொண்டுபோய்க் கொடுங்கய்யா எல்லாத்தையும். நான் சொன்னேன்னு சொல்லுங்க. வாங்கலன்னா நான் வந்து வாசல்ல நிக்கேன்" என்றேன்.

டைல்ஸ் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், "பதினோரு வருசம் பிடிச்ச மெஷின் சத்தம் உங்களுக்குத் தெரியலையா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து செப்டம்பர் மாதப் பக்கங்களைப் புரட்டலாமா என்று பார்த்தேன். புரட்டவில்லை.

அக்டோபர் 16, புதன்

டைரி தொடங்கி அறுபதாம் நாள். மாப்பிள்ளை கேட்ட தீர்ப்பை எழுத வேண்டும்.

விலை குறைந்த மெஷின் வாங்கலாமா? வருஷத்துக்கு நாலு தடவை எடுக்கிறவன் வாங்கலாம். திட்டிக்கொண்டே ஓட்டலாம். தினமும் கையில் பிடித்துப் பிழைக்கிறவன் வாங்கக் கூடாது. அதில் குறைத்த விலையை எங்கே குறைத்திருக்கிறான் என்றால், விட்டவுடன் நிற்க வேண்டிய இடத்தில் குறைத்திருக்கிறான்.

இதை ஆகஸ்ட் 30ஆம் தேதியே எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கே எல்லாம் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை மேல் மட்டும் பழியைப் போட்டு எழுதப் பேனா ஓடமாட்டேன் என்கிறது. அவர் மெஷினுக்குள்ளேதான் மாற்றி வைத்தார். டீக்கடையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது நான்.

பிளெக்ஸ் போர்டை எடுத்துவிட்டார்கள். இருபதுக்கு மேல் மெஷின் திரும்பி வந்ததாம், மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டாராம். செண்பகராஜ் சொன்னான். ஜெபமணி வீட்டுக்கும் போயிருக்கிறார். அவன் வாசலோடு அனுப்பிவிட்டான்.

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்று காலை டீக்கடையில் புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் கேட்டான், எந்தக் கம்பெனி ஒயர் வாங்கலாம் என்று. எல்லோரும் பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நானும் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். பிறகு செண்பகராஜ் அவசரமாக, "அதெல்லாம் கடையில போயி நீயே பாத்து வாங்கிக்க தம்பி" என்றான். என்னை அவமானப்படுத்தச் சொல்லவில்லை. காப்பாற்றத்தான் சொன்னான். நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை கூடுதல்.

புலித் தோலுக்குள் இருக்கும் ஜப்பான்காரனைத்தான் இன்னும் ஓட்டுகிறேன். வேறு மெஷின் இல்லை. புலி முகத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அருமையாக ஓடுகிறது. யாரிடமும் சொல்வதில்லை.

மத்தியானம் சங்கரி போன் செய்தாள். எட்டு நாளில் இதுதான் முதல் தடவை.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"சாப்பிட்டேன்ப்பா."

"மாப்பிள்ளை?"

"அவரும் சாப்பிட்டாரு. கடை பரவாயில்லப்பா. நாங்க நல்லா இருக்கோம். நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க."

தீபாவளிக்கு இரண்டு பேரும் வாருங்கள் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

கோமதி அடுப்படியிலிருந்து, "என்ன சொல்லுதா? சாப்பிட்டாளாமா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டேன் என்று சொன்னாள். நன்றாக இருக்கிறோம் என்று சொன்னாள். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை சொன்ன எதையும் நான் சந்தேகப்பட்டதில்லை.

"சாப்பிட்டாளாம்" என்றேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டேன். தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் போட்டுக் கொடு, எதற்கும் ஒரு எட்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன்.